ஆய்வக வேதிப்பொருள் இருப்பும் கருவிப் பரிசோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் வேதியியல் ஆய்வகப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களும் உதவியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இதற்கென்று தனி அலுவலரும் மென்பொருளும் இருக்கும். அவை இல்லாத இடங்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

தணிக்கைக்காக ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுகிறோம். அது போதாதா?

போதாது. நம் கல்லூரிகளின் ஸ்டாக் ரிஜிஸ்டர் பணத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக உருவானது. யாரிடம் வாங்கினோம், பில் எண் என்ன, விலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். "டைஎத்தில் ஈதர், 500 மி.லி., 4 பாட்டில்" என்று ஒரு வரியும் இருக்கும். அந்த நான்கில் எத்தனை திறக்கப்பட்டன, எந்தத் தேதியில் திறக்கப்பட்டன, மிச்சம் எந்த அலமாரியில் நிற்கிறது என்பது மட்டும் இருக்காது. ஆபத்து இருப்பது அந்த விடுபட்ட விவரங்களில்தான்.

இன்னொரு குறையும் உண்டு. கணக்கு சரியாக இருந்தாலும், அதைப் படித்து முடிவெடுப்பவர் இல்லையென்றால் பயனில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அது பல ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்தது; அதைப் பற்றிச் சுங்கத்துறையினர் கடிதங்களும் எழுதியிருந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகுதான் சென்னை மணலியில், 2015-இல் பறிமுதலான சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் கிடப்பது ஊருக்கே தெரிந்தது. அவசர அவசரமாக அது ஹைதராபாதுக்கு அனுப்பப்பட்டது. இரண்டு இடங்களிலும் காகிதத்தில் கணக்கு இருந்தது. "இது இங்கே இருக்கக் கூடாது" என்று சொல்லி, சொன்னதை நடத்திக் காட்ட ஒருவர் இல்லை.

அப்படியானால் இருப்புப் பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

பொருளின் பெயர், சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்), தயாரிப்பாளர், அளவு, வைத்திருக்கும் இடம், வந்த தேதி, திறந்த தேதி, காலாவதித் தேதி, ஆபத்து வகை. இடம் என்று எழுதும்போது "ஸ்டோர் ரூம்" என்று நிறுத்திவிடக் கூடாது. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பது வரை வேண்டும். இரவில் தீப்பிடித்து தீயணைப்பு வீரர்கள் வந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

சிஏஎஸ் எண்ணைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். அது இல்லாமல் நம் ஆய்வகங்களில் கணக்கு நேராகாது. "ஸ்பிரிட்", "ஆல்கஹால்", "மெத்திலேட்டட் ஸ்பிரிட்" என்று ஒரே அலமாரியில் மூன்று பெயர்கள் இருக்கும்; ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். எத்தனால் என்றால் 64-17-5, மெத்தனால் என்றால் 67-56-1 என்று எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. இந்த எண்ணில் ஒரு வசதியும் இருக்கிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். 64-17-5 இல் கடைசி 5-ஐ விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 7, 2, 12, 24, மொத்தம் 45. அதன் கடைசி இலக்கம் 5, பொருந்துகிறது. நகலெடுக்கும்போது ஒரு இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை பத்திகளையும் நிரப்ப ஆளில்லை என்றால் திறந்த தேதியையாவது விடாதீர்கள். பாட்டிலைத் திறப்பவர் அந்த இடத்திலேயே, அழியாத பேனாவால், லேபிளின் மேல் தேதி எழுத வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆய்வகத்தில் இதைவிட உயிர்காக்கும் பழக்கம் வேறு ஏதாவது இருக்கிறதா என்றால் எனக்குத் தெரிந்து இல்லை.

கணினியில் வைத்துக்கொள்வதா, நோட்டிலா?

எது தொடர்ந்து நடக்குமோ அதில். ஒரு எக்செல் தாள் போதும். ஆனால் அச்சிட்ட பிரதி ஒன்று ஸ்டோர் ரூமுக்கு வெளியே இருக்கட்டும். தீ உள்ளே எரியும்போது உள்ளே இருக்கும் பட்டியல் யாருக்கும் உதவாது.

பாட்டில்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் எடுக்க எளிதாக இருக்கிறதே?

எடுக்க எளிதுதான். ஆனால் அகரவரிசைக்கு வேதியியல் தெரியாது. அசிட்டிக் அமிலமும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். "அமிலங்கள்" என்று ஒரே அலமாரி ஒதுக்குவதும் அரைகுறைத் தீர்வுதான். நைட்ரிக் அமிலம் வலுவான ஆக்ஸிஜனேற்றி. அசிட்டிக் அமிலம் எரியக்கூடிய கரிமப் பொருள். பெயரில் இரண்டும் அமிலம் என்பதால் பக்கத்தில் வைத்துவிடக் கூடாது.

முதலில் ஆபத்து வகையால் பிரியுங்கள்: எரியும் கரைப்பான்கள், ஆக்ஸிஜனேற்றிகள், கனிம அமிலங்கள், காரங்கள், நீருடன் வினைபுரிபவை, நச்சுகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை இருக்கலாம். நைட்ரிக் அமிலத்துக்குத் தனித் தட்டு. திரவங்கள் கண் மட்டத்துக்குக் கீழே, விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டுகளின் மேல். ஆக்ஸிஜனேற்றிகளை மர அலமாரியில் வைக்க வேண்டாம். சோடியம் மண்ணெண்ணெய்க்குள் முழுக மூழ்கியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மண்ணெண்ணெய் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும்.

அலமாரியின் பின்வரிசையில் பழைய ஈதர், பிக்ரிக் அமிலம் பாட்டில்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

தொடாதீர்கள். மூடியைத் திருகிப் பார்க்காதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இதைத் தெரியாதவர்கள்தான் சுத்தம் செய்ய அனுப்பப்படுகிறார்கள்.

டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டைஆக்சேன், ஐசோபுரொப்பைல் ஈதர் போன்றவை காற்றும் ஒளியும் பட்டால் மெல்ல மெல்லப் பெராக்சைடுகளை உண்டாக்கும். திறந்த பாட்டிலில் கரைப்பான் ஆவியாகி வற்ற வற்ற, பெராக்சைடு செறிந்துகொண்டே போகும். மூடியின் மரையில் படிந்த வெண்மையான படிகங்கள், மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கலாம். நம் ஊர் வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 35 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வேலூர், திருச்சி ஸ்டோர் ரூம்களில் அந்த வெப்பநிலை சாதாரணம். ஜூன் மாதம் கதவைத் திறக்கும்போது பாட்டிலில் பாதி காணாமல் போயிருக்கும். போனது கரைப்பான் மட்டுமே.

திறந்த தேதி தெரிந்த, படிகம் ஏதும் இல்லாத பாட்டில் என்றால் சோதிக்கலாம். அதற்கான சோதனைத் தாள் கிடைக்கிறது. அமிலமாக்கிய பொட்டாசியம் அயோடைடு கரைசலில் சிறிதளவு கலந்தால், பெராக்சைடு இருந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். திறந்த ஈதரை ஆறு மாதத்துக்கு மேல் சோதிக்காமல் வைத்திருக்க வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஈதருக்கு மூன்று மாதமே அதிகம். தேதி தெரியாத பாட்டில், படிகம் தெரியும் பாட்டில், பாதி வற்றிய பாட்டில் ஆகியவற்றைச் சோதிக்கவே கூடாது.

பிக்ரிக் அமிலம் தண்ணீரில் நனைந்திருக்கும் வரை அடங்கியிருக்கும். எடையில் 30 சதவீதமாவது நீர் வேண்டும். உலர்ந்தால் அது வெடிமருந்து. 1917-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தையே சிதைத்த மான்ட் பிளாங்க் கப்பலின் சரக்கில் பெரும்பங்கு பிக்ரிக் அமிலம்தான். உலோக மூடியோடு சேர்ந்து உண்டாகும் பிக்ரேட் உப்புகள் இன்னும் எளிதில் வெடிக்கக்கூடியவை. வேதியியல் துறையில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். திசுக்களைப் பதப்படுத்தும் பூவாங் கரைசலுக்காக விலங்கியல் துறையிலும், கிரியாட்டினின் சோதனைக்காக உயிர்வேதியியல் துறையிலும் வாங்கி மறந்த பாட்டில்கள் இருக்கும்.

இப்படி ஒன்றைக் கண்டால் அறையைப் பூட்டி, கதவில் எழுதி ஒட்டி, முதல்வரிடம் எழுத்தில் தெரிவித்து, காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அழையுங்கள். ஒரு பாட்டிலுக்காகவா என்று தயங்க வேண்டாம். இது அவர்களுடைய வேலைதான்.

டாலன்ஸ் கரைசலை மொத்தமாகத் தயாரித்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. செய்முறை வகுப்பு நடக்கும் நாளில், தேவையான அளவு மட்டும். இது அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசல்; தயாரித்து அப்படியே வைத்திருந்தால் அதில் வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் உருவாகும். வகுப்பு முடிந்தவுடன் சோதனைக் குழாய்களில் நீர்த்த அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆசிரியர் இதைச் சொல்லாமல் மணி அடித்ததும் போய்விட்டால், மறுநாள் காலையில் அந்தக் குழாய்களைக் கழுவ வருபவர் எதுவும் தெரியாமல் கை வைப்பார்.

அமிலம், மெத்தனால், ஸ்பிரிட் ஆகியவற்றுக்குத் தனியாகச் சட்டக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. இதைப் பல கல்லூரிகள் கவனிப்பதே இல்லை.

அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவு கடைக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களும் ஆய்வகங்களும் பயன்பாட்டுப் பதிவேடு வைத்து, அதைக் கோட்ட நிலையிலான நிர்வாக நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறும் மாணவர்களையும் ஊழியர்களையும் சோதிக்க வேண்டும். இந்த மூன்றும் அந்த உத்தரவிலேயே இருக்கின்றன. ஒரு பெண்ணின் முகத்தை எரிக்க 100 மி.லி.கூட வேண்டாம் என்பதை நினைத்துப் பார்த்தால், பதிவேட்டில் "கந்தக அமிலம், தோராயமாக 2 லிட்டர்" என்று எழுத மனம் வராது.

மெத்தனாலும் ஸ்பிரிட்டும் தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமத்துக்கு உட்பட்டவை. உரிமத்தில் சொன்ன அளவும் அலமாரியில் உள்ள அளவும் பொருந்த வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். கல்லூரியிலிருந்து ஒரு கேன் வெளியே போனாலும் அது யாருடைய வயிற்றுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. அதனால் மெத்தனாலை அளந்து கொடுங்கள், வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள், பூட்டி வையுங்கள்.

ஆஸ்பிரின் தயாரிப்புக்கு வாங்கும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2013-இல் வந்த ஆணையின்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஹெராயின் தயாரிப்பில் பயன்படுவதே காரணம். வாங்கும் முன்பே பதிவு, கணக்கு விதிகளை விநியோகஸ்தரிடமும் அலுவலகத்திடமும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எரிவாயு சிலிண்டர்களில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சங்கிலி. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர் சுவரோடு சங்கிலியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். சாய்ந்து விழுந்து வால்வு உடைந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் சிலிண்டரையே ஏவுகணையாக்கிவிடும். பயன்படுத்தாதபோது பாதுகாப்பு மூடி போட்டிருக்க வேண்டும். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் அருகருகே வைக்கக் கூடாது.

அடுத்து, தோள்பகுதியில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதி. பர்னருக்காக வைத்திருக்கும் எல்பிஜி சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி அடுத்த காலாண்டு, இப்படி டி வரை, இலக்கங்கள் ஆண்டு. அந்தக் காலாண்டு கடந்துவிட்ட சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வீட்டிலும் இதைப் பாருங்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2018 டிசம்பர் 5 அன்று நடந்த சிலிண்டர் வெடிப்பில் ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். நாட்டின் முதல் வரிசை நிறுவனத்திலேயே நடக்கிறதென்றால், "நம்மிடம் இருப்பது இரண்டே சிலிண்டர்" என்பது ஆறுதல் ஆகாது.

கண் கழுவும் குழாயை யாரும் பயன்படுத்துவதில்லை. அதற்கும் பரிசோதனை வேண்டுமா?

யாரும் பயன்படுத்தாததால்தான் வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை ஓடவிட வேண்டும். பல வாரங்களாக நின்ற குழாயிலிருந்து முதலில் வருவது துருவும் பாசியும். அதை அமிலம் பட்ட கண்ணில் அடித்தால் என்ன ஆகும்? கழுவ வேண்டிய நேரம் முழுதாகப் பதினைந்து நிமிடம். அவ்வளவு நேரம் தொட்டியில் தண்ணீர் நிற்குமா என்றும் பாருங்கள். ஆபத்து நேர்ந்த இடத்திலிருந்து பத்து விநாடிக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். வழியில் ஸ்டூல் இருந்தால் எடுத்துவிடுங்கள், கண் தெரியாத நிலையில்தான் ஒருவர் அந்த வழியே வருவார்.

அயல்நாட்டு வழிகாட்டிகளில் தண்ணீர் மிகக் குளிராக இருக்கக் கூடாது என்று எச்சரிப்பார்கள். நம் சிக்கல் நேர்மாறானது. மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, ஏப்ரல் மாத மதியம் இரண்டு மணி. குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. 38 டிகிரிக்கு மேலான நீர் கண்ணுக்குத் தீங்கு. ஆகவே கோடையில் மதிய நேரத்தில் ஒருமுறை வெப்பமானி வைத்து அளந்து பாருங்கள். சூடாக இருந்தால் தொட்டிக்கு நிழல் போடுங்கள், அல்லது கீழ்த்தளத் தொட்டியிலிருந்து தனி இணைப்புக் கொடுங்கள். கூரை போடும் செலவை நிர்வாகம் மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்யூம் ஹூட் (புகையை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கதவுள்ள கூண்டு) சத்தமாக ஓடுகிறது. அப்படியானால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சத்தம் மோட்டாருடையது. காற்று உள்ளே இழுக்கப்படுகிறதா என்பது வேறு. முகப்பில் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் இருக்க வேண்டும். இதை அளக்கும் அனிமோமீட்டரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் இரவல் வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து, எண்ணையும் தேதியையும் ஹூட்டின் மேலேயே ஒட்டுங்கள். இடைப்பட்ட நாட்களில் கண்ணாடிக் கதவின் கீழ்விளிம்பில் ஒட்டிய மெல்லிய தாள் உள்நோக்கி ஆடுகிறதா என்று பார்க்கலாம். ஹூட்டைப் பாட்டில் கிடங்காக மாற்றிவிட்ட ஆய்வகங்கள் ஏராளம். பின்சுவர்த் துளைகள் அடைபட்டால் புகை நம் முகத்துக்குத்தான் திரும்பும்.

மற்ற கருவிகள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். மின்தராசில் நீர்க்குமிழ் நடுவில் இருக்கிறதா என்று தினமும், நியம எடைக்கல் வைத்து வாரந்தோறும் பாருங்கள். எடைக்கல்லை விரலால் தொடாதீர்கள். மையவிலக்குக் கருவியின் சுழலியில் அரிப்புக் குழிகள், விரிசல்கள் உண்டா என்று பாருங்கள். எதிரெதிர் குழாய்களை அளவால் அல்லாமல் எடையால் சமன்செய்யுங்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் முக்கியம். நிறம் மாறும் டேப் சூடு பட்டதை மட்டுமே காட்டும். கிருமி இறந்ததா என்பதற்கு வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்களை வைத்துச் செய்யும் சோதனைதான் சான்று. கார்பன் டைஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சோடியம் தீக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, உலர் மணல் வாளி வேண்டும். கரைப்பான்களைச் சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உள்விளக்கிலோ தெர்மோஸ்டாட்டிலோ எழும் பொறி ஒன்றே தீப்பிடிக்கப் போதும். ஈதரின் தீப்பற்று நிலை மைனஸ் 45 டிகிரி.

பரிசோதனைப் படிவத்தில் எல்லாம் "சரி" என்றுதான் வருகிறது. இது நல்லதுதானே?

எனக்கு அது கவலை தரும் செய்தி. ஆண்டு முழுவதும் ஒரு குறைகூடக் கண்ணில் படாத ஆய்வகம் இருக்க முடியாது. படிவத்தில் "சரி / சரியில்லை" என்ற கட்டங்களை நீக்கிவிட்டு, அளந்த எண்ணை எழுதும் இடமாக மாற்றுங்கள். எண்ணை எழுத வேண்டுமென்றால் கருவியின் அருகே போயே ஆக வேண்டும்.

குறையைக் கண்டுபிடிப்பதும் பாதி வேலைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2008 அக்டோபரில் ஒரு ஆய்வகத்தைப் பரிசோதித்தவர்கள், ஊழியர்கள் ஆய்வக அங்கி அணிவதில்லை என்று எழுதிவைத்தார்கள். டிசம்பர் 29 அன்று அதே ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயது உதவியாளரின் மேல் அது சிந்தியது. அவர் அணிந்திருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர், அங்கி இல்லை. பதினெட்டாம் நாள் இறந்தார். பரிசோதனை நடந்தது, குறை தெரிந்தது, அறிக்கையும் எழுதப்பட்டது. இடையிலிருந்த இரண்டு மாதங்களில் ஒரு பருத்தி அங்கி மட்டும் வந்து சேரவில்லை.

ஆகவே ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தேதி கடந்தால் அந்தக் கருவிக்குப் பூட்டுப் போடுங்கள்.

இதெல்லாம் யாருடைய பொறுப்பு?

காகிதத்தில் துறைத்தலைவர். நடைமுறையில், மாணவர்கள் "அண்ணா" என்று கூப்பிடும் ஆய்வக உதவியாளர். எந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பல இடங்களில் அவருக்குப் பயிற்சியும் கிடையாது, நல்ல கையுறையும் கிடையாது. அவர் ஓய்வுபெற்றதும் இடம் காலியாகவே கிடக்கும். அறிவும் அவரோடு போய்விடும். அவரைப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் முதல் ஆளாக உட்காரவைத்து, பாதுகாப்புக் குழுவில் வாக்குள்ள உறுப்பினராக்குங்கள். ஆபத்தான வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது இருவரும் சேர்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே சாவி கை மாற வேண்டும்.

கழிவைத் தொட்டியில் ஊற்றி நிறைய தண்ணீர் விட்டால் போகாதா?

நீர்த்த அமிலமும் காரமும் நடுநிலையாக்கிய பின் போகலாம். கரைப்பான்கள், குரோமியம், ஈயம், பாதரசக் கழிவு போகவே கூடாது. அவற்றுக்கு 2016-இன் அபாயகரக் கழிவு விதிகள் உள்ளன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். சேர்த்துவைக்கும் கேன்களில் நைட்ரிக் அமிலத்தையும் கரிமக் கரைப்பானையும் கலக்காதீர்கள். வாயு உண்டாகி, இறுக மூடிய கேன் இரவில் வெடிக்கும்.

இதுவரை எதுவுமே செய்யவில்லை. எங்கே தொடங்குவது?

எரியும் கரைப்பான்கள் இருக்கும் அலமாரியில். வகுப்பில்லாத ஒரு பிற்பகல், இரண்டு பேர், கண்ணாடி, கையுறை. முதலில் எதையும் நகர்த்தாமல் டார்ச் அடித்துப் பாருங்கள், கைபேசியில் படம் எடுங்கள். மேலே சொன்ன பெராக்சைடு, பிக்ரிக் அமில ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே பாட்டில்களைத் தொடுங்கள். லேபிள் இல்லாதவற்றை முகர்ந்து பார்த்துப் பெயர் எழுத வேண்டாம். "தெரியாதது" என்று எழுதித் தனியே வையுங்கள். அன்று ஒரு அலமாரி முடிந்தால் போதும். அடுத்த இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) எழுதும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 500 மி.லி. போதுமான இடத்தில் இரண்டரை லிட்டர் கேட்காதீர்கள்.